இரண்டு கம்பிகளும் 'வாட்ச்' என்ற சொல்லும்

கம்பி நட்ட அன்று, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்றவர்கள்: பதுளையிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள், அவர்களைக் கூட்டிவந்த தொழிற்சங்கத் தலைவர், அம்மா, இடுப்பில் தன் மகள் சின்னவளோடு அக்கா, பிறகு நான். தோட்டத்தை நிர்வகிக்கும் துரை வரவில்லை, வருவாரென்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நின்றிருக்க வேண்டியவர், நிற்காதவர், அப்பா ஒருவர்தான். அப்பா எங்கள் தோட்டத்து வாச்சர். ராத்திரி முழுக்கக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தையும் விறகுக் காட்டையும் சுற்றிவிட்டு வந்து, கம்பி நடுகிற சத்தம் கேட்கிற தூரத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பட்டுமா என்று அக்கா கேட்டாள். வேண்டாமென்று அம்மா தலையாட்டினார்.

லயத்தின் பின்புறம் அம்மாவின் மரக்கறிப் பாத்திகள். முந்தைய ஐப்பசி மழைக்குப் பிறகு கரட் பாத்திக்கும் முட்டைக்கோவா பாத்திக்கும் நடுவே ஒரு கோடு விழுந்திருந்தது. எலி பறித்த வழியென்று நினைத்து அம்மா மண்ணள்ளிப் போட்டு மூடியிருக்கிறார். மார்கழியில் அதற்குள் அவருடைய பாதம் போனது. எங்கள் பக்கத்தில் மீரியபெத்த என்ற பெயரைப் பிள்ளைகள் முன்னால் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. லயங்கள் மண்ணுக்குள் போன இடம் அது. அம்மா அன்று அந்தப் பெயரைச் சத்தமாகவே சொன்னார். அதனால்தான் நான் பதுளையில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அதனால்தான் இவர்கள் வந்தார்கள்.

பெரிய அதிகாரி பாதி சிங்களத்திலும் பாதி ஆங்கிலத்திலும் என்னிடம் விளக்கினார். வெடிப்புக்கு மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி. மேல் கம்பி நிற்கிற மலையில் இருக்கிறது. கீழ்க் கம்பி போக நினைக்கிற மலையில் இருக்கிறது. மழை பெய்த பிறகு இரண்டுக்கும் நடுவே டேப் பிடிக்க வேண்டும். அன்று மூன்றடி. அது கூடினால் போன் பண்ண வேண்டும். மழையை அளக்க ஒரு பிளாஸ்டிக் குழாயும் தந்தார். கடும் மழையென்றால் எங்கள் போனுக்குச் செய்தி வரும். முதலில் மஞ்சள், அதற்குப் பிறகு செம்மஞ்சள், கடைசியில் சிவப்பு. சிவப்பு என்றால் எதையும் எடுக்காமல் கிளம்பிவிட வேண்டும். மஞ்சளுக்கு ஆங்கிலத்தில் 'வாட்ச்' என்று பெயர்.

நான் அதை அம்மாவுக்குச் சொன்னபோது அம்மா போர்வைக்குள் கிடப்பவரின் பக்கம் கையைக் காட்டினார்.

"அதுக்கு இவங்க எதுக்கு மெனக்கெட்டு வரணும்? எங்க வீட்டுல ஒரு வாச்சர் கெடக்குறாரே."

தலைவர் அதைச் சிங்களத்தில் பெயர்த்துச் சொல்ல, அதிகாரிகளும் சிரித்தார்கள். அந்த இடத்தில் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பதுளையில் ஒரு தனியார் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு முஸ்லிம் நானாவின் கடைக்கு மேலே ஓர் அறை. நானா கைக்கடிகாரங்களுக்கு பேட்டரி போடுவார், போனுக்கு உறை விற்பார். என் மேசையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த ஆங்கில அகராதி ஒன்று இருக்கிறது. சொற்கள் எங்கே பிறந்தன என்று சொல்லும் அகராதி. அட்டை கிழிந்தது. அன்று திரும்பிப் போனதும் அதில் அந்தச் சொல்லைத்தான் தேடினேன்.

எனக்குத் தெரிந்த 'வாட்ச்' முதலில் அப்பாவின் தொழில். தோட்டத்தில் அதற்கு வேறு பெயர் கிடையாது. என் பெயரே பலருக்குத் தெரியாது, வாச்சர் மகன் என்றால்தான் தெரியும். அடுத்தது கையில் கட்டுவது. அக்காவின் கல்யாணத்தில் மச்சானுக்கு ஒரு சங்கிலியும் ஒரு வாச்சும் போடுவதாகப் பேச்சு. சங்கிலி மெலிந்துபோனதால் வாச்சாவது பெரிதாக இருக்கட்டுமென்று அப்பா பெரிய வட்டமாகப் பார்த்து வாங்கினார். மச்சான் இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறார். லீவுக்கு வரும்போது மட்டும் அது மணிக்கட்டில் இருக்கும். அப்புறம் 'வாட்ச் பண்ணுவது'. யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் மகள் யாரோடு பஸ்ஸில் இறங்கினாள் என்று லயத்துக் கதவிடுக்குகள் செய்கிற வேலை. அதில் எங்கள் ஆட்களுக்குச் சம்பளமே கொடுக்கலாம்.

அகராதி இன்னும் கீழே போனது. கடலில் போகிறவர்கள் இருபத்துநான்கு மணி நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்களாம். ஒவ்வொரு பங்குக்கும் 'வாட்ச்' என்று பெயர், அந்த நேரத்தில் கண்விழித்து நிற்கிற கூட்டத்துக்கும் அதே பெயர். கையில் கட்டுகிற கருவிக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பதில் மட்டும் அகராதிக்கே அவ்வளவு உறுதி இல்லை. முன்பு அது தூங்குகிறவர்களை எழுப்புகிற கருவியாக இருந்திருக்கலாம் என்றது. ஆனால் வேர் எது என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தூங்காமல் இருத்தல் என்பதே பொருள். விழிப்பது என்ற பொருளில் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக் கொடுக்கும் 'வேக்' இதன் கூடப் பிறந்தது. செத்தவர் பக்கத்தில் விடியும்வரை உட்கார்ந்திருப்பதற்கும் அவர்கள் 'வேக்' என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் இழவு வீடுகளில் சீட்டாடிக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நாங்கள் செய்வதும் அதுதான்.

இன்னொரு உறவும் இருந்தது. காத்திருப்பதற்குச் சொல்லும் 'வெயிட்'. அது பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்திருக்கிறது, வேர் ஒன்றுதான். ஆங்கிலத்துக்குள் வந்த புதிதில் அதன் பொருள் பொறுமையாக நிற்பது அல்ல. பகையோடு ஒருவனைப் பார்த்துக்கொண்டு பதுங்கியிருப்பது.

இதைப் படித்த நேரம் பின்னேரம். ஜன்னலுக்கு வெளியே பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. தமிழிலும் அப்படித்தானே என்று எனக்குத் தோன்றியது. காவல் காப்பதிலும் 'கா' இருக்கிறது, காத்திருப்பதிலும் 'கா' இருக்கிறது. நாங்கள் மலையைக் காக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலை எதற்காகக் காத்திருக்கிறது என்று யாரிடம் கேட்பது? அகராதியை மூடிவிட்டுக் கீழே போய் நானாவோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

அளக்கும் வேலை அக்காவுக்கு. டேப் அவளுடைய தையல் பெட்டிக்குள் இருந்தது. மழை பெய்த மறுநாள் காலையில் அளந்துவிட்டுப் போனில் சொல்வாள். தையிலும் மாசியிலும் மூன்றடிதான். சித்திரை மழையில் ஒரு விரல்கடை கூடியது என்றாள். நான் பதுளை அதிகாரிக்குச் சொன்னேன்; அவர் கவனமாகக் குறித்துக்கொண்டு, தொடர்ந்து அளக்கச் சொன்னார். வைகாசியில் கோயில் திருவிழா; வார இறுதியிலும் வகுப்பு இருந்ததால் அந்த மாதங்களில் நான் தோட்டத்துக்குப் போகவில்லை. அது முடிந்து பேசியபோது அக்கா, இப்போது சரியாகிவிட்டது, பழையபடி மூன்றடி என்றாள். தலைவரும் ஆட்களும் சேர்ந்து கம்பியைச் சுற்றி நன்றாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். ஆடு மேயாமல் இருக்க வேலி அடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். டேப் பிடித்ததில் முன்பு கொஞ்சம் கூடக் குறைய வந்திருக்கலாம் என்று அதிகாரிக்கும் தோன்றியது, எனக்கும் தோன்றியது.

அதன் பிறகு அந்த எண் அசையவே இல்லை. ஆனியில் மூன்றடி, ஆவணியில் மூன்றடி. புரட்டாசியில் குழாய் பாதி நிரம்பிய மழைக்கு மறுநாளும் மூன்றடி. அக்காவின் குரலில் நிம்மதி இருந்தது. எனக்கு மட்டும் வர வர அந்த எண்ணின் மேல் சந்தேகம் வந்தது. ஈரமான மண் கொஞ்சமாவது அசையும். கோடையில் சுருங்கும், மழையில் ஊதும். அம்மாவின் பாத்திகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது தெரியும். நூல் அளவும் மாறாமல் இருக்க அது என்ன, சுவரா?

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, காலை வகுப்பு முடியும் நேரம் போன் அதிர்ந்தது. மஞ்சள். மூன்று மொழிகளில் ஒரே செய்தி. தமிழில் 'விழிப்பாக இருக்கவும்' என்று இருந்தது. ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல். நான் அப்படியே இறங்கிப் பஸ் ஏறினேன். ஏறுமுன் நானா கடைக்குள்ளிருந்து கூப்பிட்டுக் குடை ஒன்றைக் கையில் தந்தார்.

"மேல் ரூம் ரெண்டும் சும்மாதான் ஈக்கு தம்பி. உம்மாவயும் தாத்தாவயும் கூட்டிக்கிட்டு வாங்க. அட்வான்ஸ் முப்பத்தையாயிரம், அதப் பொறகு பேசலாம்."

அவர்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் சொல்வார்கள்.

அப்புத்தளைக்கு மேலே மேகம் ரோட்டுக்கே இறங்கியிருந்தது. தோட்டத்து வளைவில் இறங்கி நடந்தபோது வடிகால் கான்களில் தண்ணீர் சிவப்பாக ஓடியது. லயத்துக்குப் பின்னால் நேராகப் போனேன்.

கம்பிகள் நட்ட இடத்தில் கம்பிகள் இல்லை. வெடிப்புக்கு மேலே, கரையில், கெட்டியான நிலத்தில் ஒரு சீமெந்துப் பீடம். அதில் இரண்டு கம்பிகளும் ஆடாமல் அசையாமல் நேராக நின்றன. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. முன்னால் கற்பூரம் எரிந்த கரி. ஓரத்தில் ஒரு தகரக் கூரை, மழை படாமலிருக்க.

நடந்தது என்னவென்று அக்கா சொல்லித்தான் புரிந்தது. எங்கள் தோட்டத்தில் கற்பூரம் காட்டாமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கினால் மலையில் ஒரு கல்லை நட்டுக் கவ்வாத்துச் சாமி கும்பிடுவார்கள். தொழிற்சாலையின் ரோதைச் சக்கரத்துக்கு ஒரு முனி இருக்கிறார். அப்படிப்பட்ட இடத்தில், மலையைப் பார்த்துக்கொள்ள என்று இரும்பு நட்டுவிட்டுப் போனால் அதைச் சும்மா விட்டுவைப்பார்களா? நட்ட வாரமே யாரோ பொட்டு வைத்துவிட்டார்கள். சித்திரை மழையில் கீழ்க் கம்பி சாய்ந்திருக்கிறது. பிளந்த மண்ணில் நிற்க வைத்ததால் சாமிக்குக் கோபம் என்று பேசிக்கொண்டார்கள். கோயில் வேலையில் சீமெந்து மிச்சம். நல்ல நாள் பார்த்து, இரண்டு கம்பிகளையும் பிடுங்கி, பாலில் கழுவி, கெட்டியான இடம் தேடி ஊன்றியிருக்கிறார்கள். முதல் ஆளாக மண்ணைத் தட்டிப் பார்த்து இடம் சொன்னவர் அப்பா.

தலைவர் குடையோடு வந்து சேர்ந்தார். நான் பீடத்தையே பார்த்துக்கொண்டு நின்றதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார் போல.

"ஒரு நூல் மாறல தம்பி. ஆபீசரு சொன்ன மூணடிய கயிறுல அளந்துதான் வச்சோம். வேணும்னா அளந்து பாருங்க."

அளந்தேன். மூன்றடி.

பிறகு கீழே இறங்கிப் பழைய குழிகளைத் தேடினேன். கம்பி பிடுங்கிய இடங்களை யாரும் மூடவில்லை. மேல் குழி புல்லுக்குள் கிடைத்தது. கீழ்க் குழி கோவா பாத்தியின் ஓரத்தில், தண்ணீர் நிரம்பி. அப்பா அப்போது எழுந்து, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டேப்பின் நுனியை அவர் கையில் கொடுத்து மேல் குழியில் பிடிக்கச் சொன்னேன். மறுநுனியை நான் கீழே கொண்டுபோனேன். வெடிப்பைத் தாண்டும்போது அம்மாவின் கோவாக்கள் இரண்டு உள்ளே விழுந்து கிடப்பதைப் பார்த்தேன்.

ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு.

எண்ணை நான் சொல்லவில்லை. அப்பா டேப்பை விடாமல், என் கை எங்கே இருக்கிறதென்று மட்டும் பார்த்தார். திருடனின் கால்தடத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது, ஆனால் தூரம் தெரியும். டேப்பைச் சுருட்டி என்னிடம் தந்துவிட்டு, காம்பராவுக்குள் போய்த் தடியை எடுத்துக்கொண்டு வந்து, லயத்தின் கடைசிக் கதவிலிருந்து தட்டத் தொடங்கினார்.

வெளியேறுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. போனில் இன்னும் மஞ்சள்தான், சிவப்பு வரவில்லையே என்றார்கள் சிலர். சாமி நேராகத்தானே நிற்கிறது என்றார்கள் பலர். அரைப் பேருக்கு, அதாவது அரை நாள் கூலிக்கு, வேலை செய்துவிட்டு நனைந்து வந்திருந்த பக்கத்துக் காம்பரா அத்தை, ஈரக் கொழுந்துச் சாக்கை உதறியபடியே, "வாச்சர் மகன் இங்கிலீசு படிச்சதே நம்மள லயத்த விட்டு வெரட்டத்தான் போல" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே முதலில் பானையைத் தூக்கினார். பொழுது சாயுமுன் வெடிப்புக்கு நேர் கீழே இருந்த ஆறு குடும்பங்களும் எதிர் மலையில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். அதிகாரிக்குப் போன் பண்ணினேன். அவர் அடுத்த நாளே மழையோடு வந்து பார்த்துவிட்டு, யாரும் திரும்பக் கூடாது என்று கதவுகளில் சிவப்புத் தாள் ஒட்டினார். பீடத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் இருந்தோம், அப்பாவைத் தவிர. பொழுது சாய்ந்ததும் அவர் டோர்ச்சை எடுத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பினார். நான் கதவை மறித்து நின்றேன். அவர் கோபப்படவில்லை.

"ஆறு வீட்டுச் சாமானும் தெறந்து கெடக்கு. அதப் பார்க்குறதுக்குத்தான எனக்குப் பேர் போடுறாங்க."

"சாமான் போனா போகுதுப்பா. மண்ணு வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"முழிச்சிருக்கேன்ல."

அம்மா அவருக்குச் சோற்றுப் பார்சலைக் கட்டிக் கொடுத்தார். அன்றும் அடுத்த நாளும் அதே. மழை விடாமல் பெய்தது. அவர் போன பாதையைப் பார்த்தபடி அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அம்மாவின் மடியில் சின்னவள் தூங்குவாள். அந்தக் கப்பல்காரர்களின் பங்குகளை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு ஒருவர் பங்கு முடிந்தால் இன்னொருவர் வருவார். எங்கள் வீட்டில் எல்லாப் பங்கும் ஒரே ஆளுக்கு.

மூன்றாம் நாள் விடிந்து, எங்கள் லயத்து மலை சாம்பல் நிறத்தில் தெரியத் தொடங்கிய நேரம் அது போனது. இடி என்று நினைத்தேன். இடியாக இருந்தால் முடிந்திருக்கும். இது முடியாமல் நீண்டது. பிள்ளைகள் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மேகம் விலகியபோது லயத்தின் பாதி இல்லை. அம்மாவின் பாத்திகள், ஆறு காம்பராக்கள், முன்னால் இருந்த தண்ணீர்க் குழாய், எல்லாம் கீழே ரோடு வரைக்கும் சேறாகப் போயிருந்தன.

நாங்கள் ஓடிச் சேர்ந்தபோது அப்பா பீடத்தில் உட்கார்ந்திருந்தார். பீடம் கரையில் அப்படியே நின்றது. அவருடைய காலுக்குக் கீழே ஒரு முழத்தில் மலை அறுந்திருந்தது. வேலை முடிகிற நேரம் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் வரலாமென்று மேலே ஏறியிருக்கிறார். தகரக் கூரைக்குக் கீழே தீக்குச்சியைக் கிழித்தபோது முதுகுக்குப் பின்னால் சத்தம். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது என்றார். கற்பூரம் எரிந்து முடியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அந்தக் காலையிலேயே செய்தி தோட்டம் முழுக்கப் போய்விட்டது: வாச்சரைச் சாமி மேலே கூப்பிட்டுக் காப்பாற்றிவிட்டது. என்னிடம் அதைச் சொன்ன யாரிடமும் நான் எதிர்த்துப் பேசவில்லை. அப்பா உயிரோடு இருந்தார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கி வந்தேன்.

மார்கழியில் பள்ளிக்கூடத்தைத் திருப்பிக் கேட்டார்கள். விழுந்த ஆறு காம்பராக்காரர்களும் லயத்தின் மிச்சப் பாதிக்குள் உறவுக்காரர்களோடு நெருக்கிக்கொண்டார்கள். சிவப்புத் தாள் அங்கேயும் ஒட்டியிருந்தது. மழையில் வெளுத்துப் போயிருந்தது. தையில் நிவாரணப் பணம் வந்தது, குடும்பத்துக்கு ஐம்பதாயிரம். நான் நானாவிடம் பேசி வைத்தேன். அட்வான்ஸ் முப்பத்தையாயிரத்தைக் கட்டினால் மேல் அறைகள் இரண்டும் எங்களுக்கு. அக்காவின் மூத்த மகனைப் பதுளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம். மாத வாடகையை என் சம்பளத்தில் சமாளித்துவிடலாம். எல்லாவற்றையும் அம்மாவிடம் நிதானமாகச் சொன்னேன். அம்மா கேட்டுவிட்டு, டவுனில் தனக்கு யார் பேர் போட்டு நாள் கூலி தருவார்கள் என்றார். வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்தில் காம்பராவும் இல்லை, கடைசியில் புதைக்க இடமும் இல்லை என்றார். அக்கா, அம்மா வந்தால் வருகிறேன் என்றாள். அம்மா, அப்பா வந்தால் வருகிறேன் என்றார்.

அப்பாவைத் தேடிப் பீடத்துக்குப் போனேன். பின்னேரம், நல்ல வெயில். அவர் வேலைக்குக் கிளம்பும் முன் துணியை மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். அங்கே நின்று பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது: பீடத்துக்கு மேலே, தேயிலைச் செடிகளின் தூரோடு தூராக, ஒரு கோடு. இன்னும் விரல் நுழையாது. அம்மாவின் பாத்தியிலும் முதலில் அப்படித்தான் இருந்தது.

"அப்பா, மேல பாருங்க."

"பார்த்தேன். மாசமாச்சு."

"பார்த்துட்டுமா இங்க இருக்கீங்க?"

"அதுக்குத்தான் கோயிலாவே கட்டணும்னு பேசியிருக்கோம். இந்தச் சின்னப் பீடம் தாங்காது."

பீடம் நல்ல இடத்தில் நின்றதால் தப்பினீர்கள், அந்த இடத்தைத் தட்டிப் பார்த்துச் சொன்னவரே நீங்கள்தான் என்றேன். அவர் துணியின் முடிச்சை இறுக்கினார்.

"முழிச்சிருந்தது நான், தம்பி. காப்பாத்துனது அது. ரெண்டும் ஒண்ணில்ல."

மேசையில் விட்டு வந்த அகராதி நினைவுக்கு வந்தது. அந்த மொழிக்காரர்கள் விழித்திருப்பதையும் காப்பதையும் ஒரே சொல்லுக்குள் கட்டிவிட்டார்கள். விழித்திருப்பவன் காப்பான் என்று நம்பியிருப்பார்கள் போல. அப்பா வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லைத் தன் பெயராகச் சுமந்தவர். இரண்டும் ஒன்றில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் அது தெரியும். ஆனால் அதிலிருந்து அவர் போன பக்கம் வேறு, நான் போன பக்கம் வேறு.

புதிய வெடிப்பைப் பற்றிக் கச்சேரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மறுபடி கம்பி நட வருவார்கள். அதற்கும் பொட்டு வைப்பார்கள்.

மாசியில் கோயிலுக்கு அத்திவாரம் போட்டார்கள். அன்று எல்லாரும் இருந்தார்கள்: தலைவர், அம்மா, இடுப்பில் சின்னவளோடு அக்கா, சாக்கை உதறிய அத்தை, ஆறு குடும்பத்து ஆட்களும். அப்பாவும் அன்று தூங்காமல் வந்து முதல் கல்லை எடுத்துக் கொடுத்தார். நான் பதுளையில் வகுப்பில் இருந்தேன். செலவு எவ்வளவென்று சாயந்தரம் அக்கா போனில் சொன்னாள். நிவாரணப் பணத்திலிருந்து குடும்பத்துக்கு முப்பத்தையாயிரம், ஆறு குடும்பங்களுக்கும் சேர்த்து இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.